வீட்டிலும் அலுவலகத்திலும் கிராபிக்ஸ் வேலை: கணினி வாங்குவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியவை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோன நாள். பலருக்கு அது வட்ஸ்அப் பகிடியாகவே நினைவிருக்கும். அன்று முற்பகல் நான் கொக்குவிலில் வீட்டிலிருந்து வீடியோ ஒன்றை எடிட் செய்துகொண்டிருந்தேன். காணி விடுவிப்புக் கேட்டு நிற்கும் ஊர் ஒன்றில் பதிவுசெய்த மூன்று மணித்தியால நேர்காணல்கள் அவை. யாழ். நகரில் நான் மேசை பகிரும் சிறிய அலுவலகத்துக் கணினியிலிருந்து, தனி மின்னிணைப்புத் தேவைப்படும் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டு எடுத்து வந்திருந்தேன். பிரதி எடுத்து அல்ல, வெட்டி ஒட்டி. அலுவலகக் கணினியில் இடம் போதவில்லை. திங்கட்கிழமை திருப்பிப் போடலாம் என்றிருந்தேன்.

மின்சாரம் போன நேரத்தில் டிஸ்க் எழுதிக்கொண்டிருந்தது. மாலையில் மின்சாரம் வந்தபோது கணினிக்கு அந்த டிஸ்கை அடையாளம் தெரியவில்லை. தரவு மீட்பவர் ஒருவர் பெரும்பகுதியைத் திருப்பி எடுத்துத் தந்தார். ஒரு வயதான அம்மாவின் நாற்பது நிமிடம் மட்டும் வரவேயில்லை. மறுபடியும் அவரிடம் போனேன். தேநீர் தந்தார், ஊர்க்கதை கதைத்தார். அன்று சொன்னதைத் திரும்பச் சொல்ல மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. வற்புறுத்த எனக்கும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு, வீட்டிலும் அலுவலகத்திலும் எடிட்டிங், வடிவமைப்பு, முப்பரிமாண வேலை செய்யும் நண்பர்கள் எந்தக் கணினி வாங்கலாம் என்று கேட்டால், கோப்புகளை எங்கே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் அதை யோசித்திருக்க மாட்டார்கள். கணினியின் தெரிவு, இணையப் பொதியின் தெரிவு, யூ.பி.எஸ்ஸின் அளவு எல்லாமே அந்த ஒரு கேள்விக்கான விடையைப் பொறுத்தவை.

கோப்பு எங்கே இருக்கிறது?

வழிகள் மூன்று. கோப்புகள் உங்களுடன் பயணம் செய்யலாம். கோப்புகள் ஓரிடத்தில் இருக்க, நீங்கள் தூரத்திலிருந்து அந்தக் கணினியை இயக்கலாம். அல்லது கனமான மூலக் கோப்புகள் ஓரிடத்திலும் அவற்றின் மெலிந்த பிரதிகள் மற்ற இடத்திலும் இருக்கலாம்.

முதலாவது வழிதான் எங்களில் அதிகமானோர் செய்வது. ஒரு எஸ்.எஸ்.டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்வருவது. தவறில்லை, ஆனால் ஹார்ட் டிஸ்க் வேண்டாம். சுழலும் தட்டுகள் கொண்ட ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 150 மெகாபைட் அளவில் வாசிக்கும்; சாதாரண கையடக்க எஸ்.எஸ்.டி ஒன்று செக்கனுக்கு 1,000 மெகாபைட்டை எட்டும். மோட்டார் சைக்கிளில் குலுங்கினாலும் அதற்குள் உடைய எதுவுமில்லை. இரண்டு இடத்திலும் விண்டோஸ் என்றால் அந்த எஸ்.எஸ்.டிக்கு இரு கணினிகளிலும் ஒரே ட்ரைவ் எழுத்தைக் கொடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு நாள் காலையும் எடிட்டிங் மென்பொருள் கோப்புகளைக் காணவில்லை என்று சிவப்புத் திரை காட்டும். ஓரிடத்தில் மக், மற்ற இடத்தில் விண்டோஸ் என்றால் எக்ஸ்ஃபற் முறையில் ஃபோர்மட் செய்ய வேண்டும். அந்த முறை இரண்டுக்கும் பொதுவானது. ஆனால் எழுதும்போது திடீரென்று கழற்றினால் எளிதில் பழுதாகும் முறையும் அதுவே. ஆகவே பாதுகாப்பாக வெளியேற்றும் அந்தச் சின்ன பட்டனை அமத்துவதற்குச் சோம்பல்படக் கூடாது.

இந்த வழியில் பலர் விழும் குழி ஒன்றுண்டு. டாவின்சி ரிசோல்வ் பாவிப்பவர்களின் புரொஜெக்ட் ஒரு கோப்பாக இருப்பதில்லை. கணினிக்குள் இருக்கும் தரவுத்தளம் ஒன்றில் இருக்கிறது. வீடியோக்களை மட்டும் எஸ்.எஸ்.டியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வெட்டிச் சேர்த்த வேலை முழுவதும் அலுவலகத்திலேயே நிற்கும். கிளம்புமுன் புரொஜெக்டை ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிமியர் என்றால் புரொஜெக்ட் ஒரு கோப்புத்தான். ஆனால் வீட்டில் புதிய பதிப்பில் திறந்து சேமித்ததை அலுவலகத்தின் பழைய பதிப்பு திறக்காது. ஆகவே இரு இடத்திலும் ஒரே பதிப்பு. ஒரு புரொஜெக்ட் நடுவில் இருக்கும்போது எந்த அப்டேட்டும் வேண்டாம். அடோபியின் தனிநபர் சந்தா ஒன்றை இரண்டு கணினிகளில் செயற்படுத்தி வைக்கலாம். ஒரே நேரத்தில் ஒன்றில்தான் பாவிக்கலாம். வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று இரண்டு சந்தா கட்டும் நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும்.

இரண்டாவது வழி தூர இயக்கம். பலமான கணினி அலுவலகத்தில் நிற்கும், வீட்டில் ஒரு சாதாரண லாப்டொப் போதும். பார்செக் போன்ற மென்பொருட்கள் அலுவலகக் கணினியின் திரையை வீடியோவாக உங்களுக்கு அனுப்பும். உங்கள் மவுஸ் அசைவு அங்கே போகும். கேட்க அருமையாக இருக்கும். கணக்குப் போட்டால்தான் நிலைமை தெரியும். ஓரளவு தெளிவான திரைக்கு செக்கனுக்கு 10 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 4.5 ஜிகாபைட் செலவாகும். ஆறு மணித்தியால வேலை நாளொன்றுக்கு 27 ஜிகாபைட். எங்கள் இணையப் பொதிகள் பல மாதத்துக்கு இத்தனை ஜிகாபைட் என்று அளந்து தரப்படுபவை. இந்த வேலைக்கு வீட்டில் தரவிறக்க வேகம் தேவை, அலுவலகத்தில் பதிவேற்ற வேகம் தேவை. பொதி விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் தரவிறக்க வேகம்தான். நிறத்துக்கும் இது உகந்ததல்ல. பார்செக்கின் இலவசப் பதிப்பில் நிறத் தகவல் சுருக்கப்பட்டே வருகிறது. வெட்டுவதற்கும் ரெண்டர் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பதற்கும் போதும், நிறம் திருத்துவதற்குப் போதாது.

தூர இயக்கத்தைத் தெரிவு செய்பவர்கள் அலுவலகக் கணினியின் பயோஸில், மின்சாரம் மீண்டதும் தானாக எழும்பும்படி அமைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து நிமிட மின்வெட்டுக்குப் பிறகு பட்டனை அமத்த யாராவது அலுவலகம் போக வேண்டிவரும். விண்டோஸின் சொந்தத் தூர இயக்க வசதியை ரூட்டரில் வாசல் திறந்து நேரடியாக இணையத்தில் விடுவதை மட்டும் செய்யாதீர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்பவர்கள் நாள் முழுக்கத் தட்டிப் பார்க்கும் வாசல் அது. வி.பி.என் ஒன்றுக்குள் வைத்துத்தான் பாவிக்க வேண்டும்.

நான் கடைசியில் வந்து நின்றது மூன்றாவது வழியில். எடிட்டர்கள் ப்ரொக்ஸி என்று சொல்வது இதைத்தான். சாதாரண 4கே கெமரா ஒன்று செக்கனுக்கு 100 மெகாபிட் அளவில் பதிவுசெய்தால் ஒரு மணித்தியாலக் காட்சி 45 ஜிகாபைட். செக்கனுக்கு 20 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் அதை அனுப்ப ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். அதே காட்சியை 10 மெகாபிட் அளவுள்ள ப்ரொக்ஸியாக மாற்றினால் 4.5 ஜிகாபைட், அரை மணித்தியாலத்தில் போய்விடும். வீட்டில் ப்ரொக்ஸியை வைத்து வெட்டலாம், சேர்க்கலாம், வசன வரிகள் போடலாம். அலுவலகம் போனதும் புரொஜெக்டைத் திறந்தால் அதே வெட்டுகள் மூலக் கோப்புகள் மேல் உட்கார்ந்துகொள்ளும். நிறமும் இறுதி ரெண்டரும் அங்கேதான். பிரிமியர், ரிசோல்வ் இரண்டிலும் இந்த வசதி உண்டு. ஒரேயொரு நிபந்தனை: ப்ரொக்ஸி உருவாக்கிய பிறகு மூலக் கோப்புகளின் பெயரை மாற்றக் கூடாது.

புரோரெஸ் போன்ற கனமான முறைகளில் பதிவுசெய்பவர்களுக்கு இது வசதி மட்டுமல்ல, வேறு வழியே இல்லை. 4கே புரோரெஸ் 422 எச்கியூ, செக்கனுக்கு 25 பிரேம் என்றால் ஒரு மணித்தியாலம் 330 ஜிகாபைட்டைத் தொடும்.

எந்தக் கணினி?

மேலே உள்ளதைத் தீர்மானித்த பிறகு இது அவ்வளவு கடினமான கேள்வியல்ல. இரண்டு இடத்துக்கும் இரண்டு நடுத்தரக் கணினி வாங்குவதைவிட, ஓரிடத்தில் ஒரு பலமான மேசைக் கணினியும் மற்ற இடத்துக்கு ஒரு சுமாரான லாப்டொப்பும் நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒரே பணத்துக்கு மேசைக் கணினி கூடுதலாக உழைக்கும், பழுதானால் பாகம் பாகமாக மாற்றலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டதையும், 8 சதவீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 ஆனதையும் பார்த்தவர்களுக்கு, ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடிவது எவ்வளவு பெரிய விடயம் என்று சொல்லத் தேவையில்லை.

செய்யும் வேலையைப் பொறுத்துத்தான் பணத்தை எங்கே போடுவது என்பதும். போட்டோஷொப், இலஸ்ட்ரேட்டர் வேலைக்கு வேகமான புரொசஸரும் 16 அல்லது 32 ஜிகாபைட் ராமும் போதும். விலைகூடிய கிராபிக்ஸ் கார்ட் பெரும்பாலும் சும்மா இருக்கும். வீடியோவுக்கு 32 ஜிகாபைட்டிலிருந்து தொடங்குங்கள். பிளெண்டரில் முப்பரிமாண வேலை செய்பவர்கள் கார்டின் பெயரைவிட அதன் சொந்த நினைவகத்தைப் பார்க்க வேண்டும். காட்சி அந்த நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் ரெண்டர் ஊர்ந்துபோகும், அல்லது நின்றேபோகும். 8 ஜிகாபைட் கொண்ட ஆர்.ரி.எக்ஸ் 4060ஐவிட, ஒரு தலைமுறை பழைய 12 ஜிகாபைட் 3060 பெரிய காட்சிகளில் கைகொடுப்பது இதனால்தான். ராம் விலை 2025இன் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. புதியது வாங்குமுன் உங்கள் பழைய கணினியில் காலியாக இருக்கும் ராம் பள்ளங்களை எண்ணிப் பாருங்கள். பாவித்த கார்ட் வாங்குவதாக இருந்தால், அதைக் கணினியில் பூட்டி அரை மணித்தியாலமாவது ரெண்டர் ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஒரே கணினியைத்தான் இரண்டு இடத்துக்கும் காவ வேண்டும் என்றால் லாப்டொப்தான் வழி. அங்கே பெயர்கள் ஏமாற்றும். லாப்டொப்பில் வரும் 4090, மேசைக் கணினியின் 4090 அல்ல; முன்னையதில் 16 ஜிகாபைட் நினைவகம், பின்னையதில் 24. லாப்டொப் 4060 ஒன்றின் வேகம் உற்பத்தியாளர் அதற்கு எத்தனை வொட் விட்டிருக்கிறார் என்பதில் தங்கியிருக்கிறது. அது 35 ஆகவும் இருக்கலாம், 115 ஆகவும் இருக்கலாம். கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள். பெரிய கார்ட் உள்ள விண்டோஸ் லாப்டொப்கள் பட்டரியில் ஓடும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்பிளின் எம் வரிசை லாப்டொப்களில் அந்த வேறுபாடு மிகக் குறைவு, மின்வெட்டு நேரத்தில் அதன் அருமை தெரியும். ஆனால் வாங்கும்போது உள்ள நினைவகம்தான் கடைசிவரை, பிறகு கூட்ட முடியாது. எதுவானாலும் இரண்டாவது சார்ஜர் ஒன்றை வாங்கி அலுவலகத்தில் நிரந்தரமாக விட்டுவிடுங்கள்.

மின்சாரமும் வெக்கையும்

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. இன்று அப்படி இல்லை. ஆனால் வேலையைக் கெடுப்பது நீண்ட மின்வெட்டு அல்ல, சொல்லாமல் வரும் மூன்று செக்கன் வெட்டு. அதற்குத்தான் யூ.பி.எஸ். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 650 வி.ஏ யூ.பி.எஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி பட்டரி ஒன்று இருக்கும்: பெருக்கினால் 84 வொட் மணி. ரெண்டர் ஓடும் கணினியும் மொனிட்டரும் 300 வொட் இழுத்தால் காகிதக் கணக்கில் 17 நிமிடம். நடைமுறையில் அதில் பாதியும் வராது. சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்க அது போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். தனி மின்னிணைப்புள்ள வெளி டிஸ்கையும் ரூட்டரையும் அதே யூ.பி.எஸ்ஸில் கொளுவுங்கள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை கணினியை மட்டும் கொளுவியிருந்தேன். டிஸ்க் சுவரில் இருந்தது.

யூ.பி.எஸ்ஸை மேசைக்குக் கீழே மூலைக்குள் தள்ளுவதும் எங்கள் பழக்கம். ஈய அமிலப் பட்டரியின் ஆயுள், 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே உள்ள அறை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. காற்றுப்படும் இடத்தில் வையுங்கள், இரண்டு மூன்று வருடத்தில் பட்டரியை மாற்றத் தயாராக இருங்கள்.

பழைய வீடுகளில் உருண்டை ஊசிச் சொக்கெட்டில், இரண்டு ஊசி மாற்றி ஒன்றைப் போட்டுக் கணினியைக் கொளுவியிருப்பார்கள். புவித்தொடுப்பு அங்கேயே போய்விட்டது. கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரல் நுனியில் சுள்ளென்றால் அதுதான் காரணம். கணினிக்குச் செலவழிக்குமுன் மின்னியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு அந்த ஒரு சொக்கெட்டையாவது சரிசெய்யுங்கள்.

நிறமும் எழுத்தும்

வீட்டில் சரியாகத் தெரிந்த முகம் அலுவலகத்தில் மஞ்சளாகத் தெரிவது இரண்டு மேசைக்காரர்களின் நிரந்தர முறைப்பாடு. இரண்டு மொனிட்டரையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும்: வெண்மை 6,500 கெல்வின், வெளிச்சம் 100 முதல் 120 நிற்ஸ், வெப் வேலைக்கு எஸ்.ஆர்.ஜி.பி. அளவிடும் கருவி விலைதான். ஆனால் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கருவி இல்லாதவர்கள் இறுதி நிறத்தை எப்போதும் ஒரே மொனிட்டரில், ஜன்னல் வெளிச்சம் நேரே விழாத இடத்தில் முடிவு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தமிழில் வேலை செய்யும் எங்களுக்கு இதைவிடப் பெரிய தலையிடி எழுத்துரு. அலுவலகத்தில் பாமினியில் அடித்த தலைப்பை, பாமினி இல்லாத வீட்டுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் இருக்கும். யூனிகோட்டில் அடித்தாலும் முழு நிம்மதி இல்லை. இன்டிசைனில் தெற்காசிய மொழிகளுக்கான பந்தி அமைப்பி தெரிவு செய்யப்படாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிரிமியரிலும் கிராபிக்ஸ் அமைப்புகளில் தெற்காசிய எழுத்து இயந்திரத்தைத் தெரிவு செய்ய வேண்டும். இந்த அமைப்புகள் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகச் செய்யப்பட வேண்டியவை. அலுவலகத்தில் ஒருமுறை சரிசெய்துவிட்டோம் என்று இருந்தால், வீட்டிலிருந்து இரவோடிரவாக அனுப்பும் சுவரொட்டியில் கொம்பு தவறியபடி அச்சுக்குப் போகும். போயிருக்கிறது. எழுத்துருக் கோப்புகளையும் புரொஜெக்ட் அடைவுக்குள்ளேயே ஒரு பிரதி போட்டு வையுங்கள்.

பையில் போவது யாருடைய முகம்?

திருமண வீடியோ செய்பவருக்கு எஸ்.எஸ்.டி தொலைந்தால் வாடிக்கையாளருடன் சண்டை. காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினர்களையோ, பெயர் சொல்ல விரும்பாத தொழிலாளியையோ பதிவுசெய்தவரின் எஸ்.எஸ்.டி தொலைந்தால், அல்லது வீதியில் யாரும் வாங்கிப் பார்த்தால், அதன் விலையைக் கொடுப்பது வேறு ஆட்கள். இறுதி வீடியோவில் முகத்தை மறைத்திருப்போம். பையில் இருக்கும் மூலக் கோப்பில் முகமும் குரலும் அப்படியே இருக்கின்றன. ஆகவே குறியாக்கம் செய்யாத எதுவும் இரண்டு மேசைகளுக்கும் இடையில் பயணம் செய்யக் கூடாது. விண்டோஸ் புரோவில் பிட்லொக்கர், மக்கில் ஃபைல்வோல்ட். எந்தக் கணினியிலும் வேலை செய்ய வேண்டுமானால் இலவசமான வெராகிரிப்ட். கடவுச்சொல்லை மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது. மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். ப்ரொக்ஸியை கிளவுட்டில் அனுப்புவதற்கும் இதே விதிதான். மெலிந்த பிரதி என்றாலும் முகம் முகம்தான்.

பிரதிகள் விடயத்தில் இரண்டு இடம் இருப்பது வரப்பிரசாதம். மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதியை மற்றவர்கள் பணம் கட்டி நிறைவேற்றுகிறார்கள். எங்களுக்கு வேறிடம் என்பது ஏற்கனவே உண்டு. பதிவு முடிந்து வந்த அன்றே கெமரா கார்டிலிருந்து அலுவலகக் கணினிக்கு ஒன்று, அங்கேயே ஒரு ஹார்ட் டிஸ்குக்கு ஒன்று, வீட்டு டிஸ்குக்கு ஒன்று. மூன்றும் இருக்கும்வரை கார்டை அழிப்பதில்லை. 2016 மே வெள்ளத்தில் களனி ஆற்றோரம் கீழ்த்தளங்கள் மூழ்கியதை நினைத்தால், கொழும்பில் வேலை செய்பவர்கள் இரண்டு பிரதியையும் ஒரே தாழ்நிலத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. இடத்தை மாற்றும்போது வெட்டி ஒட்டுவது என்ற கட்டளையை நான் கையாலேயே தொடுவதில்லை. பிரதி எடு, திறந்து பார், பிறகு அழி.

சனிக்கிழமைகளில் வீட்டு டிஸ்கிலிருந்து ஏதோ ஒரு கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்து திறந்து பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. போன வாரம் வந்தது அந்த ஊரின் நேர்காணல்களில் ஒன்று. அந்த அம்மாவின் நாற்பது நிமிடத்துக்கு முன்னால், கெமராவைப் பூட்டும்போது பிடிபட்ட பன்னிரண்டு செக்கன். கதிரையை நிழலுக்குள் இழுத்துப் போடுகிறார்.